இடிமழையையும் பலத்த காற்றையும் முன்கூட்டியே கணிப்பது எப்படி: பினாங்குவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கைப்பேசியில் உள்ள பொதுவான வானிலைச் செயலியைத் திறந்தால், பினாங்குக்கு ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மேகமும் மின்னலும் சேர்ந்த ஒரே சின்னம்தான் காட்சி தரும். இங்கு எங்கோ ஓரிடத்தில் இடி இடிக்காத நாள்கள் குறைவு என்பதால் அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் மழை எத்தனை மணிக்கு வரும், எந்தத் திசையிலிருந்து வரும், அதனுடன் கூரையைப் பெயர்க்கும் காற்றும் வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சின்னத்தில் விடை கிடையாது. வீட்டுக் கூரையையோ கல்யாணக் கூடாரத்தையோ காப்பாற்ற வேண்டியவருக்கு அந்த மூன்றும்தான் முக்கியம். பருவம் பல வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கிறது, செயற்கைக்கோள் படம் சில மணி நேரமும் ரேடார் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் அவகாசம் தருகின்றன, முகத்தில் அறையும் குளிர்காற்று தருவதோ சில நிமிடங்கள்தான். எந்த அறிகுறி எவ்வளவு நேரம் தருகிறதோ, அதற்குள் முடியும் வேலையை அப்போதே முடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் முறை.

முதல் படி: வருவது எந்த வகைக் காற்று என்று பிரித்தறிதல்

நம் வட்டாரத்தில் சேதம் விளைவிக்கும் காற்று பெரும்பாலும் இரண்டு வகையாக வருகிறது. முதலாவது, உள்ளூரிலேயே உருவாகும் பிற்பகல் இடிமழை. வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் கைமாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், பின்னர் அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் மேற்காற்றோ கீழ்க்காற்றோ வலுவாக இல்லாமல் காற்று தளர்ந்து கிடக்கும். வெயில் நிலத்தைச் சுடச் சுட, கடற்காற்று செபராங் பிறைச் சமவெளிக்குள் நுழைந்து, கிழக்கே உள்ள குன்றுகளை நோக்கி ஈரத்தைத் தள்ளும்; மதியத்துக்குள் மேகம் கோபுரமாக எழும்பிவிடும். மேலே நகர்த்திச் செல்லக் காற்று இல்லாததால் அந்த மேகம் உருவான இடத்திலேயே நின்று கொட்டித் தீர்க்கும். கோலாலம்பூரில் இதே வேலையைத் தீத்திவங்சா மலைத்தொடர் செய்வதால், கிள்ளான் பள்ளத்தாக்கு மாலை நேர இடிமழைக்குப் பெயர் பெற்றிருக்கிறது.

இரண்டாவது, மீனவர்களும் வானிலையாளர்களும் ஒன்றுபோல 'சுமத்ரா' என்றே அழைக்கும் காற்று வரிசை. மே இறுதி முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில்தான் இது அதிகம். சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமேகங்கள் வரிசையாக ஒன்றுசேர்ந்து கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியற்காலையிலோ காலையிலோ மேற்குக் கரையைத் தாக்கும். மழைக்கு முன்னால் வரும் வீச்சுக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டுவது இதில் வழக்கமானது.

இவற்றைத் தவிர அரிதான மூன்றாவது வகையும் உண்டு. தென்சீனக் கடலுக்கும் அப்பால் ஒரு சூறாவளி சுழலும்போது, அது தென்மேற்குக் காற்றை நம் வழியாக இழுத்து வேகப்படுத்தும். 2019 ஆகஸ்டு 9 அன்று லெக்கிமா சூறாவளி சீனாவின் கிழக்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, கெடாவிலும் பெர்லிஸிலும் பினாங்கிலும் கூரைகள் பறந்ததற்கு இதுவே காரணம். ஆகவே பிலிப்பைன்ஸ் பக்கம் சூறாவளி என்ற செய்தியைப் பார்த்ததும் நமக்கென்ன என்று அடுத்த செய்திக்குத் தாவிவிடக் கூடாது. கடலில் எழும் நீர்ச்சுழல் மட்டும் எந்த முறைக்கும் கட்டுப்படாது. 2019 ஏப்ரல் 1 அன்று தஞ்சோங் தோக்கோங்கில் கரையேறி வீடுகளைச் சேதப்படுத்திய நீர்ச்சுழல் சில நிமிடங்களிலேயே அடங்கிவிட்டது. அதைக் கண்ணால் கண்டதும் உள்ளே ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தமிழ் மாதங்களோடு பொருத்திப் பார்த்தால் இது எளிதில் நினைவில் நிற்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலுக்கு அஞ்ச வேண்டும், ஆடியில் விடியற்காலைக்கு அஞ்ச வேண்டும், தை மாதம் பினாங்கில் ஆண்டின் மிக வறண்ட காலம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் போட்ட பந்தல் பத்திரமாக நின்றது என்பதற்காக, அதே கட்டுமானத்தைத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கும் நம்புவது சரியான கணக்கு அன்று. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று ஊரில் சொன்னவர்கள் சுமத்ராவைப் பார்த்ததில்லை என்றாலும், அவர்கள் சொன்னதும் இதே தென்மேற்குப் பருவத்தைத்தான்.

இரண்டாம் படி: முந்தின இரவு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தல்

தென்மேற்குப் பருவத்தில் மறுநாள் காலைக்கு முக்கியமான வேலை இருந்தால், இரவு படுக்கப் போகுமுன் ஹிமாவாரி செயற்கைக்கோள் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் முதல் பணியில் இருக்கும் ஹிமாவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இணையப் பக்கத்திலேயே அதைக் காணலாம். வட சுமத்ராவில் மேடான் சுற்றுவட்டாரத்திலும் நீரிணையிலும் குளிர்ந்த மேக உச்சிகள் திரண்டு நிற்கின்றனவா என்பதையும், அவை அடுத்தடுத்த படங்களில் கிழக்கே நகர்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். மேகத்தின் மேல்தட்டு பாய்விரித்ததுபோல் அகலமாகப் பரவும் என்பதால், படத்தில் குளிர்ந்த நிறம் காணப்படும் இடமெல்லாம் மழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேடானுக்கும் பினாங்குக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவு. வரிசை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அங்கிருந்து இங்கு வர ஐந்து மணி நேரம் ஆகும். தெற்கே போகப் போக நீரிணை குறுகுவதால் போர்ட் கிள்ளானில் இருப்பவருக்கு இந்த அவகாசம் கிடைக்காது. ஆயினும் நீரிணையின் நடுவிலேயே, இரு கரைகளிலிருந்தும் வீசும் நிலக்காற்று மோதும் இடத்தில் வரிசை பிறப்பதும் உண்டு. அப்போது நமக்கும் நேரம் பாதியாகிவிடும்.

இன்னொரு தடயம் விமான நிலைய வானிலை அறிக்கை. மேடானின் குவாலாநாமு விமான நிலைய அறிக்கையில் நள்ளிரவு வாக்கில் இடிமழையைக் குறிக்கும் 'டிஎஸ்' என்ற எழுத்துகள் தோன்றினால், பாயான் லெப்பாஸ் அறிக்கையை விடியற்காலையில் மீண்டும் பார்ப்பது நல்லது. காற்றுக்குரிய எண்ணில் 'ஜி' என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது வீச்சுக் காற்றின் வேகம். அது நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் இருக்கும் என்பதால் 1.85 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும்.

மூன்றாம் படி: காலையில் வளிமண்டலத்தை எடைபோடுதல்

பாயான் லெப்பாஸிலிருந்து காலை எட்டு மணி, இரவு எட்டு மணி அளவீடுகளுக்காக வானிலை பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. உயரத்துக்கு உயரம் வெப்பமும் ஈரமும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று அவை அனுப்பும் அளவீட்டை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் யாரும் காணலாம். பார்த்தவுடன் புரியும் படம் அன்று என்பது உண்மை. இருந்தாலும் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் பழகிவிடும்.

அதில் 'கேப்' என்ற எண், மேலெழும் காற்றுக்கு எவ்வளவு ஆற்றல் காத்திருக்கிறது என்பதைக் கிலோவுக்கு இத்தனை ஜூல் என்று சொல்கிறது. 1,000க்கு மேல் இருந்தால் இடிமேகம் எழத் தாராளமாகப் போதும். 2,500ஐத் தாண்டினால் ஆற்றல் மிக அதிகம். ஆனால் நம் ஊரில் இந்த எண் பெரும்பாலான நாள்களில் உயர்ந்தே இருப்பதால், அதை மட்டும் வைத்துப் பதறுவதில் பொருள் இல்லை. என் கருத்தில் அதைவிட உதவுவது, தரையிலிருந்து ஏறக்குறைய 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் வறண்ட அடுக்கு ஒன்று தெரிகிறதா என்று பார்ப்பதுதான். கீழே ஈரமும் நடுவில் வறட்சியும் இருக்கும் நாளில், மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் அந்த வறண்ட காற்றில் ஆவியாகி அதைக் குளிரச் செய்யும். குளிர்ந்து கனத்த காற்று மொத்தமாகக் கீழே சரிந்து, தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பத்து வீடுகளின் கூரை போய், அடுத்த தாமானில் இலைகூட அசையாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பாய்ச்சல்தான் காரணம். சூறாவளி அடித்தது என்று மறுநாள் பேசிக்கொண்டாலும், காற்று சுழன்றிருக்காது; மேலிருந்து கொட்டியிருக்கும்.

விண்டி போன்ற செயலிகள் காட்டும் உலகளாவிய கணிப்பு மாதிரிகள் நாடளவிலான காற்றோட்டத்தை நன்றாகச் சொல்லும். தனி இடிமேகம் ஒன்று புக்கிட் மெர்தாஜாமில் எழுமா கூலிமில் எழுமா என்று சொல்லும் நுட்பம் அவற்றுக்குக் கிடையாது. ஆகவே அவற்றில் மழை வண்ணத்தை விட்டுவிட்டு, 1,500 மீட்டர் உயரக் காற்றைப் பார்க்க வேண்டும். அங்கே மேற்குக் காற்று வலுத்திருந்தால் சுமத்ரா வகைக்கு வாய்ப்பு அதிகம். காற்று தளர்ந்து திசை தெரியாமல் இருந்தால் பிற்பகல் வகையை எதிர்பார்க்கலாம்.

நான்காம் படி: அதிகாரபூர்வ எச்சரிக்கையைச் சரியாகப் படித்தல்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தனது மைச்சுவாச்சா செயலியிலும் சமூக ஊடகங்களிலும் இடிமழை எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையுடன் கூடிய இடிமழை நெருங்கிவிட்டாலோ நிகழ்ந்துகொண்டிருந்தாலோ, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டால் இந்த எச்சரிக்கை வரும். ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. நாளைக்கென்று இந்த எச்சரிக்கை வராது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். நேற்றிரவு எதுவும் வரவில்லையே என்று காலையில் கூடாரம் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எச்சரிக்கையில் பினாங்கு என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், தீமோர் லாவுட், பாராட் டாயா, செபராங் பிறையின் வட, மத்திய, தென் மாவட்டங்கள் ஆகியவற்றுள் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், எத்தனை மணி வரை என்பதையும் படிக்க வேண்டும். பலத்த காற்றைக் குறிக்கும் 'அங்கின் கெஞ்சாங்' என்ற மலாய்ச் சொற்கள் அதில் இருந்தால் வேலையை உடனே தொடங்கலாம். பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் பற்றிய எச்சரிக்கை வேறு. அதன் முதல் நிலை மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றையும் 3.5 மீட்டர் வரையிலான அலையையும் குறிக்கும். அது படகுக்காரர்களுக்கும் கடலோர உணவகங்களுக்கும் உரியது.

ஐந்தாம் படி: ரேடாரும் கண்ணும் காதும்

பட்டர்வொர்த் ரேடார் படத்தைத் திறந்து, அரை மணி நேர இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிட்டால் மழைமேகக் கூட்டம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை இரண்டால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு உள்ள தூரத்தை அதனால் வகுத்துக்கொள்ளலாம். சிவப்பும் ஊதாவும் பலத்த மழையைக் காட்டும். காற்றைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட வடிவம்தான்: நேராக வரும் வரிசையின் நடுப்பகுதி வில்லைப்போல் முன்னோக்கி வளைந்திருந்தால், அந்த வளைவின் முகப்பில் காற்று மிகக் கடுமையாக இருக்கும்.

கடைசி அரை மணி நேரத்தில் வானத்தை நேரில் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. உச்சி கூர்மையான விளிம்போடு பொங்கும் மேகம் இன்னும் வளர்கிறது; உச்சி மங்கிப் பட்டையாகப் பரவிவிட்டால் மழை தொடங்கிவிட்டது. மேற்கே கடல்மீது கருநீலத் திட்டாக, அடிப்பகுதி சுருட்டியதுபோன்ற நீளமான மேகம் தாழ்வாக வந்தால், அதற்குக் கீழேதான் காற்றின் முகப்பு இருக்கும். புழுக்கம் சட்டென்று நின்று குளிர்காற்று வீசினால் மிச்சம் இருப்பவை நிமிடங்களே. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வரும். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் திடலிலிருந்து உடனே வெளியேறிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

ஆறாம் படி: பருவம் தொடங்குமுன் வீட்டைத் தயார்செய்தல்

காற்றின் வேகம் இரட்டித்தால் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, நேராகத் தடுக்கும் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 90 கிலோமீட்டரில் அது 38 கிலோவைத் தாண்டும். பழைய வீடுகளில் ஓட்டுக் கூரை தப்பி, கார் நிறுத்தும் இடத்தின் ஜிங்க் தகரமோ பாலிகார்பனேட் தட்டோ முதலில் பறப்பதற்குக் காரணம், அவை எடை குறைந்தவை, கீழே திறந்தவை, பிறகு ஒட்டவைத்தவை. ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரும் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாஷர் போன இடத்தில் துளை துருப்பிடித்துப் பெரிதாகிவிட்டால் ஸ்க்ரூவை இறுக்கிப் பயன் இல்லை. பக்கத்தில் புதிய இடத்தில் அடிக்க வேண்டும். ஆணி அடித்த தகரம் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி ஆணியை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடுகிறது. அங்கெல்லாம் ஸ்க்ரூ மாற்றுவது நல்லது. கூரை ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, பட்டுப்போன கிளை, அடியில் முளைத்த காளான், ஒரு பக்கம் வெடித்த மண் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் மாநகர் மன்றத்துக்குப் படத்துடன் புகார் கொடுக்க வேண்டும். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்ததும், வாகனங்களோடு மோனோரயில் பாதையும் பாதிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். உயரமான கட்டடங்களின் மேலே பொருத்தியவையும் ஆபத்தானவைதாம்; 2013 ஜூன் 13 அன்று மெக்காலிஸ்டர் சாலையில் ஒரு கட்டடத்தின் இடிதாங்கி அமைப்பு உடைந்து சாலையில் விழுந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனிப் பூந்தொட்டியையும் துணி காயவைக்கும் கம்பியையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: கூடாரமும் பந்தலும்

வாடகைக்கு எடுக்கும் மூன்று மீட்டர் சதுரக் கூடாரம் ஒன்பது சதுர மீட்டர் துணியைக் காற்றுக்குக் காட்டுகிறது. மேற்சொன்ன கணக்குப்படி, 60 கிலோமீட்டர் வீச்சு அதன் அடியில் முழுமையாகப் புகுந்தால் 150 கிலோ அளவுக்குத் தூக்கும். நான்கு காலிலும் காலுக்கொரு 20 லிட்டர் தண்ணீர்க் கலன் கட்டினால் மொத்தம் 80 கிலோதான் வருகிறது. காலுக்கு ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது என்பதால், ஒன்றுக்கொன்று பக்கத்தில் உள்ள கூடாரங்களின் கால்களைச் சேர்த்துக் கட்டி, காலுக்கு 40 கிலோவுக்குக் குறையாத எடையைத் தொங்கவிடாமல் தரையோடு இறுக்கிக் கட்ட வேண்டும். பக்கத் திரைகள் காற்றைப் பிடித்து நிறுத்தும். எச்சரிக்கை வந்ததும் அவற்றை முதலில் அவிழ்க்க வேண்டும். ரேடாரில் வில் வடிவம் தெரிந்துவிட்டால் எந்த எடையையும் நம்பாமல் துணியை இறக்கிவிடுவதே சரி. யார் உத்தரவிடுவது என்பதைக் கோயில் நிர்வாகமோ கல்யாண வீட்டாரோ முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். மழை தெரியும் நேரத்தில் 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் அண்ணே' என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். விருந்தினர்களை மண்டபத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ அனுப்பிய பிறகே துணியில் கைவைக்க வேண்டும்.

எட்டாம் படி: கடைசி அரை மணி நேரம்

காற்று வரும் பக்கத்துச் சன்னலையும் கதவையும் முதலில் மூடுங்கள். அந்தப் பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று வெளியிலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை தாங்காது. பிறகு இணைய மோடம், ஆஸ்ட்ரோ பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றின் செருகிகளைக் கழற்றிவிடுங்கள். மின்னலில் முதலில் கருகுவது பல வீடுகளில் ஆட்டோகேட் (தானியங்கி வாசற்கதவு) மின்பலகை என்பதால் அதையும் மறக்க வேண்டாம். இடிக்கும்போது இஎல்சிபி (மின்கசிவு துண்டிப்பான்) விழுந்தால் மழை ஓயும்வரை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. காரைத் தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து நகர்த்தி வையுங்கள்.

சாலையில் இருப்பவர்களில் அதிக ஆபத்து மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு. பினாங்குப் பாலத்தின்மேல் பக்கவாட்டுக் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மேற்கே வானம் கறுத்திருந்தால் பாலம் ஏறுமுன் கரையிலேயே காத்திருப்பது நல்லது. மேம்பாலத்தடியில் சாலையோரத்தில் ஒதுங்கி நிற்பது மழையிலிருந்து காக்கும், பின்னால் வரும் லாரியிலிருந்து காக்காது.

ஒன்பதாம் படி: காற்று ஓய்ந்த பிறகு

அறுந்து கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் இல்லை என்று நீங்களே முடிவுசெய்யாமல், பத்து மீட்டர் தள்ளி நின்று தெனாகா நேஷனலை 15454 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். ஆள் சிக்கியிருந்தால் 999. ஈரமான கூரையில் அன்றே ஏற வேண்டாம்.

எதையும் அப்புறப்படுத்துமுன் சேதத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து, மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அடிப்படைத் தீக் காப்புறுதி மட்டும் இருந்தால் புயல்காற்றுச் சேதம் அதில் அடங்காது. அதற்கென நீட்டிப்போ, வீட்டு உரிமையாளர் பாலிசியோ வேண்டும். காரின் முழுக் காப்புறுதியிலும் வெள்ளம், புயல், மரம் விழுதல் ஆகியவை சிறப்பு இடர் என்ற கூடுதல் பிரிவில்தான் வருகின்றன. சாலை வரியோடு சேர்த்துப் புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்டு, அது பாலிசித் தாளில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.